எல்லார் கையிலும் இருக்கும் கடிகாரம்

அந்தக் கடிகாரத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். விளம்பரத்தில் பாய்மரப் படகு ஓட்டுகிறவனும் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவனும் கட்டியிருப்பார்களே, அதுதான். நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்காரும் ஆண்கள் கையை நீட்டுவதற்கு முன்னால் அதைக் கழற்றி என் மேசைமேல் வைப்பார்கள். கழற்ற வேண்டிய அவசியமே இல்லை, நான் ஊசி குத்துவது முழங்கை மடிப்பில். இருந்தாலும் கழற்றுவார்கள், வைப்பார்கள், நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அசலோ போலியோ, யார் கண்டது. ஒருவர் அதைக் கழற்றுவதற்குள் ஊசியைக் கண்டு மயங்கிச் சாய்ந்தார். சாயும்போதும் கடிகாரம் தரையில் இடிக்காதபடி அந்தக் கையை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டுதான் சாய்ந்தார். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், என் தம்பியிடம் மட்டும் சொன்னதில்லை. அவனுக்கு அது வேண்டும். மனிதர்களுக்கு வீடு வேண்டும், பிள்ளை வேண்டும், பதவி வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். என் தம்பிக்கு அந்த ஒரு கடிகாரம்தான்.

கடையில் போய் வாங்கிக் கட்டிக்கொண்டால் தீர்கிற ஆசை இல்லை அது. அவன் அடுக்குமாடி வீடுகள் கட்டும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். வருடத்துக்கு இருபத்துநான்கு வீடு விற்றவர்களுக்கு அந்தக் கம்பெனி ஆண்டு விழாவில் அந்தக் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கும். பின்பக்கம் பேரும் வருடமும் பொறித்திருக்கும். மேலாளர் மேடையில் தன் கையாலேயே இடது மணிக்கட்டில் கட்டிவிடுவார். தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருடத்துக்கு ஒருவர்தான் அதை வாங்குவார். அந்த ஒருவர் மறுநாள் அலுவலகத்துக்குள் நுழையும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்களாம். தம்பி அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அதைத்தான் கட்டுவது, அதுவரை வேறு கடிகாரம் கையில் ஏறாது என்று முடிவெடுத்தான். என் கணவர் உயிரோடு இருந்தபோது நல்ல கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். "பெரிய மனசு மாமா உங்களுக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டான், கட்டவில்லை.

பிறகு காலம் மாறிவிட்டது. வீடு வாங்குகிறவர்கள் பெருகினார்கள். நேற்று மீசை முளைத்தவர்கள் எல்லாம் போனில் பேசியே இருபத்துநான்கு வீடு விற்றார்கள். வருடத்துக்கு ஐந்து பேர், எட்டு பேர், பன்னிரண்டு பேர் என்று கடிகாரம் வாங்கினார்கள். தேநீர் இடைவேளையில் மேசையைச் சுற்றி நீளும் கைகளில் எல்லாம் ஒரே முகம், ஒரே நேரம். தம்பிக்குப் பக்கத்து மேசைக்காரன் மூன்று வாங்கிவிட்டான். அவனுக்கு அலுவலகத்தில் பெயரே 'மூணு'. என் தம்பிக்கு 'மொட்டைக்கை'. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்றால், அவன் உண்மை பேசுவான். "தண்ணி கஷ்டம் இருக்குமா சார்?" என்று யாராவது கேட்டால், "கோடையில இருக்கும்" என்பான். "மேல்மாடி, மழை ஒழுகுமா?" என்றால், "போன வருஷம் ஒழுகிச்சு, பூசியிருக்காங்க, பாக்கலாம்" என்பான். கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளருக்கு வக்கீல் வேலை பார்த்தால் எப்படி விற்கும்? கல்யாணமும் இப்படித்தான் போயிற்று. பெண் வீட்டில் சம்பளம் கேட்டார்கள், அவன் உள்ளதைச் சொன்னான். ஐம்பதை நெருங்குகிறான், ஒற்றை அறையில் குடியிருக்கிறான், அவனுக்கென்று இருப்பது நான் மட்டும்தான். எனக்கும் அவன்தான். ஒவ்வொரு வருடமும் இருபத்தொன்றில், இருபத்திரண்டில் வந்து நின்றுவிடுவான். போன வருடம் இருபத்துமூன்று. அந்த முறை காய்ச்சல் வந்தவன்போல இரண்டு நாள் சுருண்டு படுத்துக் கிடந்தான்.

இந்த வருடமும் இருபத்துமூன்றில் வந்து நின்றது. வருடம் முடியப்போகிறது. விற்காமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. அவர்கள் அலுவலகத்தில் அப்படித் தங்கிப்போன வீட்டுக்கு 'மாமியார்' என்று பெயர், யாரும் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள் என்பதால். தரைத்தளம், கடைசி வீடு. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறை.

அந்த வருடம் எனக்கும் ஒரு வீடு தேவையாக இருந்தது. குடியிருந்த வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். கணவர் போன பிறகு வந்த காப்பீட்டுப் பணம் வங்கியில் கிடந்தது. மற்றதெல்லாம் விற்றுப்போவதற்கு முன்னால் தம்பி எனக்கும் வீடுகள் காட்டினான். காட்டிய ஒவ்வொன்றிலும் அவனே குறை சொன்னான். இதில் வெயில் வராது, அதில் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்காரன், இன்னொன்றில் லிஃப்ட் வாரத்துக்கு ஒருமுறை படுத்துக்கொள்ளும். "நீ என்னை வீடு வாங்க விடுவியா மாட்டியா?" என்று கேட்டேன். மூன்றாம் மாடியில் பால்கனி உள்ள வீடு ஒன்றை நான் மனதுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தேன். அது வேறு கம்பெனி கட்டியது.

அப்போதுதான் ஒருநாள், "இன்னும் ஒண்ணு இருக்குக்கா, பாத்துட்டு முடிவு பண்ணேன்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

போனேன். கட்டடத்துக்குள் நுழையும்போது காலுக்கடியில் ஒரு ரீங்காரம் இருந்திருக்கிறது. நாளெல்லாம் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். அப்படிப்பட்ட சத்தம் இருக்கும்போது எனக்குத் தெரியாது, நின்றால் உடனே தெரியும். தம்பி நடைபாதையில் நின்று போனை எடுத்தான், யாருக்கோ ஒரு மிஸ்டு கால் கொடுத்தான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ரீங்காரம் நின்றது. அவர்கள் அந்த வீட்டைக் காட்டுகிற முறையே அதுதான் என்று எனக்கு அப்புறம் காவலாளி சொன்னார். ஆள் வந்ததும் அவருக்கு மிஸ்டு கால் வரும், அவர் மோட்டாரை நிறுத்துவார், ஆள் போனதும் இன்னொரு மிஸ்டு கால்.

தம்பி கதவைத் திறந்தான். நான் சமையலறையைப் பார்த்தேன், குழாயைத் திறந்து மூடினேன், படுக்கையறைக்குள் போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"இந்த வீட்டுல ஒரு குறையும் இல்லையாடா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"இத்தனை வீட்டுக்கும் சொன்னே, இதுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா. நல்ல வீடு."

அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. ஐம்பதைத் தொடப்போகிற மனிதன், குனிந்து சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாத பொய்யை என்னிடம் சொல்கிற அளவுக்கு அந்தச் சனியன் பிடித்த கடிகாரம் இவனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறதே என்றுதான் தோன்றியது. சத்தம்தானே, பழகிக்கொள்ளலாம். பால்கனி இல்லாமல் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். "சரி, இதையே முடிச்சிடு" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாத பார்வை அது.

குடிவந்தேன். மோட்டார் விடியலில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, படுக்கப்போகும் நேரத்தில் ஒருமுறை ஓடும். கட்டிலில் படுத்தால் பல் கூசும். தம்ளரில் தண்ணீர் வைத்தால் அதன் மேல்பரப்பு சிலிர்க்கும். கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன், பஞ்சு வைத்துப் பார்த்தேன், தலையணையால் காதை மூடிப் பார்த்தேன். தம்பி வரும்போதெல்லாம் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து வந்தான். நானும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. இருவருமாகச் சேர்ந்து அந்தச் சத்தத்தை மறைத்து வைத்துக்கொண்டோம்.

ஆண்டு விழா ஒரு மதிய நேரம். பரிசு வாங்குகிறவர்கள் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம். தம்பி புதுச் சட்டை போட்டிருந்தான். இடது கை பொத்தானை மட்டும் போடாமல் இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தான். "வலது கையையும் மடிச்சு விடேன்டா, ஒரு கை மட்டும் என்னமோ மாதிரி இருக்கு" என்றேன். "இருக்கட்டும்க்கா" என்று சிரித்தான். சின்ன வயதில் அம்மா அடிக்க வரும்போது என் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. அதைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.

விழா மண்டபத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் மூணு உட்கார்ந்திருந்தான். கலகலப்பான ஆள். அன்றைக்கு ஒன்றுதான் கட்டியிருந்தான். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இதெல்லாம் இப்ப யாரு மேடம் மதிக்கிறாங்க?" என்றான். "என் டிரைவர் கையிலயும் இதேதான். அவனுது டூப்ளிகேட், என்னுது ஒரிஜினல். தூரத்துலேர்ந்து பாத்தா யாருக்குத் தெரியுது? ரொம்பக் காமன் ஆயிடுச்சு. போன வாரம் டீ ரூம்ல மேலாளர் வந்து கேட்டாரு. இந்த வாட்ச் உங்களுக்கெல்லாம் சலிச்சுப் போச்சா, வேற ஏதாவது குடுக்கலாமா, சலிச்சுப் போச்சுன்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்கன்னாரு. எல்லாரும் தூக்கிட்டோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் மேடம். உங்க தம்பியும்தான்."

"எப்பலேர்ந்து மாத்துறாங்களாம்?" என்று கேட்டேன். அடுத்த வருஷமா இருக்கும் என்றான். அதைக் கேட்டதும் மூச்சு திரும்ப வந்தது. தம்பியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

மேலாளர் மைக்கைப் பிடித்தார். குடும்பம், கனவு, உழைப்பு என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க மனசு விட்டு ஒரு விஷயம் சொன்னீங்க. இந்த வாட்ச் எல்லார் கையிலயும் இருக்கு, வாங்கும்போது ஒரு சந்தோஷமும் வரலன்னு. ஒருத்தராவது இல்ல சார், எனக்கு இதுதான் வேணும்னு சொல்லியிருந்தா, சத்தியமா இந்த வருஷமும் இதையே குடுத்திருப்பேன். ஆனா ஒரு கைகூட கீழ இல்ல. அப்புறம் எதுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும்? இந்த வருஷத்துலேர்ந்தே மாத்திட்டோம். ஜெயிச்ச ஒம்பது பேரும் என்கூட ஒரு வாரம் மலையேற வர்றீங்க. பொருள் பழசாயிடும், நினைவு பழசாகாது."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மூணு விசில் அடித்தான். நான் முன்வரிசையில் தம்பியின் பின்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டுகிற ஆரஞ்சு நிறப் பை ஒன்றை மேலாளர் ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட்டார். தம்பியின் முறை வந்தது. மேடையேறிப் போனவன் மேலாளருக்கு முன்னால் நின்று இடது கையை நீட்டினான். இத்தனை வருடம் மனதுக்குள் நீட்டி நீட்டிப் பழகிய கை, அவனைக் கேட்காமலே நீண்டுவிட்டது. மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இடது கையையே பிடித்துக் குலுக்கினார். "மொட்டைக்கைக்கு எந்தக் கைன்னே மறந்து போச்சு" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, மண்டபமே சிரித்தது. அவனும் சிரித்தான். அவனுடைய வலது முழங்காலில் தேய்மானம், மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். அந்த முதுகில் பையை மாட்டினார்கள்.

வெளியே வரும்போது வாசலில் மூணு எங்களைப் பிடித்துக்கொண்டான். கெட்டவன் இல்லை அவன், அதுதான் இன்னும் மோசம். மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி, சில்லறை கொடுப்பதுபோலத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தான்.

"நீங்க வெச்சுக்கோங்க சார். வீட்ல ரெண்டு சும்மாதான் கெடக்கு. உங்களுக்கு ஆசை இருக்கும்னு நெனச்சேன்."

"ஆசையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா," என்றான் தம்பி. கடிகாரத்தைத் திருப்பினான். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினான். தடவியபடியே கொஞ்ச நேரம் நின்றான். "உன் பேர் இருக்கு இதுல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"நீ எதுக்குடா கை தூக்கினே?"

"எல்லாரும் தூக்கினாங்கக்கா."

"தூக்கினா? உனக்கு வேணும்னா வேணும்னு சொல்ல வேண்டியதுதானே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் பையின் வாரை இழுத்து இழுத்து விட்டான். "எல்லாரும் வேணாங்கிறாங்க. அவங்க கையில இருக்கு, சொல்றாங்க. நான் மட்டும் கைய கீழ வெச்சிருந்தா, இவன் இதுக்குப் போய் இன்னும் ஏங்கிட்டிருக்கான்னு தெரிஞ்சிடாதா? அந்த ஒண்ணு மட்டும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு இருந்தேன். எல்லாருக்கும் முன்னாடி முதல் ஆளா தூக்கினேன்."

இவ்வளவு வருடம் அதை ஒரு சாதாரணச் சாமானாகத்தான் நானும் பார்த்திருக்கிறேன். என் மேசையில் வைத்தவர்களில் ஒருவராவது இவனைப்போல அதற்காக ஏங்கியிருப்பார்களா என்று தெரியாது. அது சாதாரணமாகிப்போனது அவர்களுக்குத்தான். இவனுக்கு ஒருநாளும் ஆகவில்லை. ஆனால் ஆகிவிட்டதாகச் சொன்னது இவன் கை.

பையின் வாரை விட்டுவிட்டு அவனாகவே பேசினான். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"போகட்டும்க்கா. வாட்ச் வரல, அவ்வளவுதானே. டார்கெட் தொட்டுட்டேன் இல்ல? அத யாராலயும் எடுத்துட்டுப் போக முடியாது. அதுவும் அந்த வீட்ட வித்து. மூணு விக்கப் பாத்தான், முடியல. மேலாளரே ஒருதரம் முயற்சி பண்ணாரு. நான் வித்துட்டேன்."

"ஆமாடா" என்றேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அவன் காதுகள் சிவந்தன. "அந்த வீட்ட உனக்குக் குடுத்திருக்கக் கூடாது. செவுத்துக்கு அந்தப் பக்கம் மோட்டார். நான் நிறுத்தச் சொல்லிட்டுத்தான் காட்டினேன். வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வியாபாரிமாதிரி பேசினேன், அதுவும் உன்கிட்ட. தெனமும் உறுத்துது. என்னைத் திட்டிடுக்கா."

அவன் கண் கலங்கியிருந்தது. அந்தப் பாரத்தையாவது இறக்கி வைப்போம் என்று நினைத்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அசடு. எனக்கு அன்னைக்கே தெரியும்டா. நீ மிஸ்டு கால் குடுத்ததும் சத்தம் நின்னுச்சு, உன் காதும் செவந்துச்சு. தெரிஞ்சுதான் வாங்கினேன். ஒண்ணுதானே குறையுது, நீ தொடட்டும்னு வாங்கினேன். நீ என்னை ஏமாத்தவே இல்ல. அத நெனச்சு வருத்தப்படாத."

அவன் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஈயாடவில்லை. என் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டான்.

"அப்ப அத நான் விக்கல."

"டேய், அப்படி இல்லடா..."

"நீ வாங்கிக் குடுத்திருக்கே." அவன் என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துச் சொன்னான். "அப்ப இந்த வருஷமும் இருபத்திமூணுதான்க்கா."

பேருந்து வந்து நின்றது. நான் எழுந்தேன். அவனும் எழுந்தான், ஆனால் படியை நோக்கி வரவில்லை. ஆரஞ்சுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டபத்தின் பக்கம் திரும்பி, வலது காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தான். எதற்குப் போகிறான் என்று எனக்குத் தெரியும். தன்னுடையது இல்லாததை வைத்துக்கொள்ளத் தெரியாதவன் அவன். உள்ளே இன்னும் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் போய் நின்று, பையை மேலாளரிடம் நீட்டி, நான் தொடவில்லை சார் என்று சொல்லுவான்.

கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.